அந்தக் காலத்து இங்கிலாந்தில் வருசத்துக்கு ஒரே ஒரு குளியலா?

#1 கடலூர்க்காரன்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரிய மாமா நேற்று ராத்திரி ஒன்றைத் தட்டிவிட்டார். சுருக்கம் இதுதான்: 1500களில் இங்கிலாந்துக்காரர்கள் வருசத்துக்கு ஒரே தடவை, மே மாதத்தில் குளிப்பார்களாம். ஜூனில் உடம்பு நாற்றம் இன்னும் முழுசாகக் கிளம்பியிருக்காது என்பதால் கல்யாணங்களை அந்த மாதத்தில் வைத்துக்கொள்வார்களாம். லேசாக வீசுமே, அதை மறைக்கத்தான் மணப்பெண் கையில் பூச்செண்டு. வீட்டுக்கு ஒரே தொட்டி. முதலில் அப்பா இறங்குவார், அப்புறம் மகன்கள், அப்புறம் பெண்கள், கடைசியில் கைக்குழந்தை. அதற்குள் தண்ணீர் சாக்கடை நிறத்துக்கு வந்துவிடும். தண்ணீரைக் கொட்டும்போது குழந்தையும் சேர்ந்து போய்விடுமாம்.

"நம்மை ஆண்டவர்களின் லட்சணம்" என்று மாமாவின் முத்தாய்ப்பு வேறு. கீழே வரிசையாகப் பதினோரு சிரிப்புப் பொம்மைகள்.

எனக்கென்னவோ இடிக்கிறது. வருசம் முழுக்கக் குளிக்காமல் கிடந்த ஜனங்கள், கல்யாணத்துக்கு மட்டும் நாள் கணக்குப் பார்த்துக் குளித்தார்களா? இங்கே சரித்திரம் படிக்கிறவர்கள் இருக்கிறீர்களே, எது நிஜம், எது கதை என்று சொன்னால் மாமாவுக்குப் பதில் போடுவேன். சண்டை இல்லாமல் போட வேண்டும். தீபாவளிக்கு அவர் வீட்டுக்குத்தான் போகிறோம்.

#2 பழுப்பேடு

கடலூரண்ணா, இது வாட்ஸ்அப்புக்கு முன்னால் பிறந்த சரக்கு. 1999 வாக்கிலேயே ஆங்கிலத்தில் மின்னஞ்சலாகச் சுற்றியது. யாரோ புண்ணியவான் தமிழாக்கி மாமாவிடம் சேர்த்திருக்கிறார்.

கல்யாணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், அதற்கு எழுத்திலேயே கணக்கு இருக்கிறது. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538இல் ஓர் உத்தரவு போட்டார். ஒவ்வொரு ஊர்த் தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று. அந்த ஏடுகளைப் பிற்காலத்தில் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். உழவு நடக்கிற ஊர்களில் கல்யாணம் குவிவது அக்டோபர், நவம்பரில். அறுப்பு முடிந்து வீட்டில் தானியம் இருக்கும், வேலையாட்களுக்கு வருசக் கூலி கைக்கு வந்திருக்கும். ஆடு மாடு வளர்க்கிற பக்கங்களில் குட்டி போடும் வேலை ஓய்ந்த பிறகு, வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும். இதில் நாற்றத்துக்கு எங்கே வேலை? தை பிறந்தால் வழி பிறக்கும் என்று சொல்கிற ஊரில் இதை விளக்கவே வேண்டாம்.

குழந்தையைத் தண்ணீரோடு கொட்டுவது ஜெர்மன் சொலவடை. தாமஸ் முர்னர் என்பவர் 1512இல் எழுதிய நையாண்டி நூலில் வருகிறது. ஆங்கிலத்துக்குள் அது வந்ததே 19ஆம் நூற்றாண்டில்தான்.

ஆனால் மாமா சொன்னது முழுப்பொய் என்றும் தள்ளிவிடாதீர்கள். டியூடர் காலத்தில், அதாவது 1485 முதல் 1603 வரை, தொட்டியில் முழு உடம்பும் நனைய உட்காருவது பெரும்பாலானவர்களுக்கு வழக்கமில்லை. சுத்தத்துக்கு அவர்கள் வேறு வழி வைத்திருந்தார்கள், அதைப் பற்றி நிறையவே பேசலாம்.

#3 முட்டுச்சந்து

ஆரம்பித்துவிட்டீர்களா சப்பைக்கட்டு. குளிக்கவில்லை என்று ஒத்துக்கொண்டு, அடுத்த வரியிலேயே "வேறு வழி" என்றால் என்ன அர்த்தம் பழுப்பேடு சார்?

நானும் கொஞ்சம் படித்தவன்தான். எராஸ்மஸ் என்கிற பெரிய அறிஞர் இங்கிலாந்தில் பல வருசம் இருந்து பார்த்தவர். அந்த ஊர் வீடுகளைப் பற்றி ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். மண் தரை, அதன்மேல் கோரைப்புல் பரப்பல். மேலாக மட்டும் அவ்வப்போது புதுப்புல் போடுவார்கள், அடியில் கிடப்பது சில சமயம் இருபது வருசம் அப்படியே. அதில் என்னென்ன ஊறிக் கிடந்தது என்றும் பட்டியல் போடுகிறார்: எச்சில், வாந்தி, நாய் மூத்திரம், மனுச மூத்திரம், சிந்திய பீர், மீன் மிச்சம். மேற்கொண்டு சொல்லக் கூசுகிற சங்கதிகள் என்று அவரே நிறுத்திக்கொள்கிறார். பார்த்த மனுசன் சொன்ன சாட்சி இது. இதற்கு என்ன பதில்?

#4 பழுப்பேடு

நல்ல சாட்சிதான், மறுக்கவில்லை. அந்தக் கடிதம், எட்டாம் ஹென்றியின் பெரிய அமைச்சராக இருந்த பாதிரியார் கார்டினல் வுல்சியின் வைத்தியருக்கு எழுதியது. காற்று புகாத வீடும் அழுகின தரையும்தான் அந்த ஊர் நோய்களுக்குக் காரணம் என்று வாதாடுகிற கடிதம். கட்சி கட்டுகிறவர் மிக மோசமான வீட்டைத்தானே உதாரணம் காட்டுவார். தவிர அவர் தரையைப் பற்றிப் பேசுகிறார், உடம்பைப் பற்றி அல்ல.

அதே வுல்சி 1526இல் அரண்மனைக்கு ஒரு பெரிய ஒழுங்குப் பட்டியல் போட்டார். சமையல்கட்டு எடுபிடிப் பையன்கள் அம்மணமாகவோ கேவலமான கந்தலோடோ திரியக் கூடாது, அடுப்பங்கரையில் தரையிலேயே புரண்டு தூங்கக் கூடாது என்று அதில் ஒரு விதி. இதை எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம். முட்டுச்சந்து "பார், அம்மணமாகத் திரிந்தார்கள்" என்பார். எனக்கு, அதைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் அங்கே இருந்தார்கள் என்று தெரிகிறது.

ஏன் குளிக்கவில்லை என்பதற்கு வருகிறேன். சோம்பேறித்தனம் காரணமில்லை, பயம். கெட்ட காற்றால்தான் நோய் வருகிறது என்று வைத்தியர்கள் உறுதியாக நம்பினார்கள். வெந்நீர் பட்டால் தோலின் துவாரங்கள் திறந்துகொள்ளும், அதன் வழியாகக் கொள்ளைநோய் உள்ளே போகும். அதனால் பிளேக் அடிக்கிற காலத்தில் வெந்நீர்க் குளியல் வேண்டாம் என்பது வைத்திய ஆலோசனை. காசு கொடுத்துக் குளிக்கிற பொதுக் குளியல் வீடுகளும் இருந்தன. தேம்ஸின் தென்கரையில் சதர்க் பகுதியில் இருந்தவை பெயர் பெற்றவை, ஆனால் அவை பெரும்பாலும் விபச்சார விடுதிகளாக மாறியிருந்தன. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான் புழங்கியது. 1490களில் ஐரோப்பாவுக்குள் மேகநோய் வந்து பரவிய பிறகு அந்தப் பக்கம் போவதற்கே பயம். 1546இல் எட்டாம் ஹென்றி ஒரே அறிவிப்பில் அவற்றை மூடிவிட்டார்.

அப்புறம் என்னதான் செய்தார்கள்? அந்தக் காலத்து வைத்தியர் ஆண்ட்ரூ போர்ட் சொல்வது: காலையில் எழுந்து தலையை நன்றாக வாரு, கை, மணிக்கட்டு, முகம், கண், பல் எல்லாவற்றையும் குளிர்ந்த தண்ணீரில் கழுவு. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் கை கழுவுவது மரியாதைப்பட்ட வீடுகளில் ஒரு சடங்கு மாதிரி. முள்கரண்டி அந்த ஊருக்கு 17ஆம் நூற்றாண்டில்தான் மெல்ல வந்தது. அதுவரை கையால்தான் சாப்பாடு. கையால் சாப்பிடுகிறவர்களுக்குக் கை கழுவச் சொல்லித்தர வேண்டுமா என்ன.

உடம்பின் மற்றப் பகுதிக்கு? அதற்குச் சட்டை.

#5 வெள்ளாவி

சட்டை என்ற வார்த்தையைப் பார்த்ததும் வந்துவிட்டேன். என் தாத்தா வெள்ளாவி வைத்தவர், பெயரைப் பார்த்தாலே தெரியும்.

ஆணானாலும் பெண்ணானாலும் அவர்கள் உடம்பை ஒட்டிப் போட்டது லினன் சட்டை. ஆளிச் செடியின் நாரில் நெய்த துணி. மேலே கம்பளி, பட்டு, வெல்வெட் என்று எது போட்டாலும் அது தோலைத் தொடாது. மேலாடையைத் துவைக்கவே மாட்டார்கள், தட்டித் துடைத்துத் தூரிகை போடுவதோடு சரி. வேர்வை, எண்ணெய், அழுக்கு எல்லாவற்றையும் லினன் உறிஞ்சிக்கொள்ளும், அதை மட்டும் மாற்றி மாற்றித் துவைப்பார்கள். வசதியுள்ளவன் தினமும் மாற்றினான். ஏழைக்கு இரண்டு சட்டை இருந்தால் பெரிது. காய்ந்த லினன் துணியால் உடம்பைத் தேய்த்துத் துடைப்பதும் உண்டு. வெள்ளைக் கழுத்துப் பட்டையும் மணிக்கட்டுப் பட்டையும் வெளியே தெரிகிற மாதிரி போட்டதே, "பார், உள்ளே சுத்தமாக இருக்கிறேன்" என்று காட்டத்தான்.

அவர்கள் துவைத்த விதத்தைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம். ஒரு பெரிய மரத்தொட்டி, அடியில் தக்கை வைத்த ஓட்டை. அழுக்குத் துணியை மடித்து அடுக்க வேண்டும். மேலே ஒரு முரட்டுத் துணியை விரித்து அதில் விறகுச் சாம்பல். அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் சாம்பலின் காரம் இறங்கித் துணிகளுக்குள் ஊறி அடியில் வடியும். வடிந்ததைப் பிடித்துச் சூடாக்கித் திரும்ப மேலே ஊற்று. முதலில் வெதுவெதுப்பு, அப்புறம் சூடு, கடைசியில் கொதிக்கக் கொதிக்க. நாள் பூராவும் இதே வேலை. மறுநாள் ஆற்றங்கரையில் கட்டையால் அடித்து அலசி, புல்தரையிலும் வேலிச் செடிமேலும் விரித்து வெயிலில் வெளுக்க விடுவார்கள். காரம் உடம்பு எண்ணெயோடு சேரும்போது துணியிலேயே கொஞ்சம் சவுக்காரமும் உண்டாகிவிடும். கறை போகாவிட்டால் புளித்த மூத்திரம். முகம் சுளிக்காதீர்கள், அதில் இருப்பது அம்மோனியா.

தாத்தாவும் உவர்மண் கரைசலில் துணியை நனைத்து, சாலில் அடுக்கி, கீழே தீப்போட்டு ராத்திரி முழுக்க ஆவியில் வேகவைப்பார். அவர் ஆவி, இவர்கள் வடிதண்ணீர். காரம் ஒன்றுதான். அந்த அடுக்குகிற முறையைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ரொம்ப அழுக்கு அடியில், மெல்லிய துணி மேலே. தாத்தா என்னைத் திட்டியதே இந்த வரிசை தப்பினால்தான்.

#6 முட்டுச்சந்து

வெள்ளாவி அக்கா எழுதியது நன்றாக இருக்கிறது, படித்தேன். ஆனால் சட்டையைத் துவைத்தால் உடம்பு சுத்தமாகிவிடுமா? நாளைக்கே நான் குளிக்காமல் சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு ஆபீஸ் போகிறேன், பக்கத்து சீட்டுக்காரர் என்ன சொல்கிறார் பார்ப்போம்.

#7 ஆய்வகத்து எலி

ஒருவர் செய்தே பார்த்துவிட்டார். ரூத் குட்மன் என்ற ஆங்கிலேய வரலாற்றாளர் மூன்று மாதம் குளிக்காமல், தினமும் லினன் மாற்றி, லினன் துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டு வாழ்ந்து பார்த்தார். கூட இருந்த யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்கிறார். கடலூர் மே மாதத்துக்கு இது செல்லுபடியாகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அங்கே குளிர்.

என் தொழிலிலிருந்து ஒரு விசயம். உடல் பேன் தோலில் குடியிருப்பதில்லை, துணியின் தையல் மடிப்பில் குடியிருந்து சாப்பிட மட்டும் உடம்புக்கு வரும். ஆகவே தினமும் குளித்துவிட்டு அதே சட்டையைப் போடுகிறவனைவிட, குளிக்காமல் கொதிக்கவைத்த சட்டையை மாற்றிப் போடுகிறவனுக்குப் பேன் குறைவு. டைபஸ் காய்ச்சலைக் கொண்டுவருவது இந்தப் பேன்தான். மாற்றுச் சட்டை இல்லாத இடம் எது? சிறை. அதனால் அதற்குச் சிறைக்காய்ச்சல் என்றே பெயர். 1577இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு நீதிமன்ற அமர்வு. சிறையிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அடுத்த சில வாரங்களில் நீதிபதி, ஜூரிகள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று சுமார் 300 பேர் செத்துப்போனார்கள். அது டைபஸாகத்தான் இருக்கும் என்று இன்றைக்குப் படிக்கிறவர்களில் பலர் நினைக்கிறார்கள். கைதிகளின் நாற்றம்தான் கொன்றது என்று அன்றைக்கு நினைத்தார்கள்.

சட்டையால் தீராத பிரச்சினையும் உண்டு. குடல். 2012இல் லெஸ்டர் நகரக் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூடு கிடைத்ததே, இடுப்பெலும்புப் பகுதி மண்ணை நுண்ணோக்கியில் பார்த்தபோது உருளைப்புழு முட்டைகள் இருந்தன. மாட்டுக்கறி, பன்றிக்கறி, மீன் வழியாக வருகிற புழு எதுவும் இல்லை. ராஜாவுக்கு இறைச்சியை நன்றாக வேகவைத்துத்தான் கொடுத்திருக்கிறார்கள். சமைத்தவன் கையிலோ, மலம் உரமாகப் போட்ட தோட்டத்துக் கீரையிலோதான் கோளாறு.

#8 வட்டுக்கோட்டையான்

நான் லண்டனுக்குப் பக்கத்தில் இருபது வருசமாக இருக்கிறேன். ஊரிலிருந்து சொந்தக்காரர் யார் வந்தாலும் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைக்குக் கூட்டிப்போவது என் தலையெழுத்து. அதனால் இது எனக்குத் தெரியும்.

வுல்சி கட்டி ஹென்றி எடுத்துக்கொண்ட அரண்மனை அது. கூம் மலை ஊற்றுகளிலிருந்து மூன்று மைல் தூரம் ஈயக்குழாய் போட்டு, தேம்ஸுக்கு அடியால் கொண்டுவந்த தண்ணீர். 1529இல் ராஜாவுக்கென்று கட்டிய கோபுரத்தில் குளியலறை இருந்தது. வெந்நீருக்கு அடுப்பு, மரத்தொட்டி, தொட்டி மரம் உடம்பில் குத்தாமல் உள்ளே லினன் விரிப்பு. ஆக ஹென்றி குளித்தவர்தான்.

வேலையாட்களுக்குப் பொதுக் கக்கூசு. இரண்டு மாடி, ஒரே நேரத்தில் 28 பேர் உட்காரலாம். மரப்பலகையில் வரிசையாக ஓட்டை, நடுவில் தடுப்புக் கிடையாது. அதற்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் "பெரிய ஆறுதல் வீடு". எங்கட ஊரில் கக்கூசு என்று பச்சையாகச் சொல்லிவிடுவோம். அதுவும் டச்சுக்காரர் விட்டுவிட்டுப் போன சொல்தான்.

ராஜா அங்கே போவாரா? அவருக்குப் பெட்டி. கறுப்பு வெல்வெட் போர்த்தி, இரண்டாயிரம் பொன்முலாம் ஆணி அடித்து, உள்ளே பாத்திரம் வைத்த நாற்காலி. அதைக் கவனிக்க ஒரு பிரபு, அது பெரும் பதவி. அந்தரங்க நேரத்தில் ராஜாவோடு தனியாக இருக்கிறவன் காதில் எவ்வளவு விழும், நினைத்துப் பாருங்கள். 1539இல் தாமஸ் ஹெனேஜ் என்கிற அந்தப் பதவிக்காரர் குரோம்வெல்லுக்கு எழுதியிருக்கிறார்: மருந்து எடுத்துக்கொண்டு சீக்கிரம் படுத்த மன்னர், அதிகாலை இரண்டு மணிவரை தூங்கி எழுந்து போனார், நன்றாகவே போனது என்று. ஒரு நாட்டின் முதன்மை அமைச்சருக்குப் போன அரசாங்கக் கடிதம் ஐயா இது!

#9 மழைக்காகிதம்

சின்னச் சந்தேகம், கேட்க வெட்கமாக இருக்கிறது. தண்ணீர் உபயோகிக்கவில்லை என்றால் எதால் துடைத்தார்கள்?

#10 ஆய்வகத்து எலி

பாசி, வைக்கோல், கம்பளிக் கிழிசல். பழைய கழிவுக்குழிகளைத் தோண்டும்போது பாசி கத்தை கத்தையாக வரும். ராஜாவுக்கு லினன்.

#11 முட்டுச்சந்து

ராஜா கதை எல்லாம் சரி. அரண்மனைக்கு வெளியே வாருங்கள். ஜன்னலைத் திறந்து மலமூத்திரப் பானையை அப்படியே தெருவில் கவிழ்த்த ஊர்தானே லண்டன்? 1290இல் வொயிட் ஃப்ரையர்ஸ் மடத்துச் சாமியார்கள் நாடாளுமன்றத்தில் முறையிட்டார்கள். பக்கத்து ஃப்ளீட் ஆற்றின் நாற்றம், தாங்கள் பூசையில் போடுகிற சாம்பிராணியையே அமுக்குகிறதாம். 1349இல் மூன்றாம் எட்வர்ட் லண்டன் மேயருக்குக் கடிதம் எழுதித் தெருவெல்லாம் மலம் என்று திட்டியிருக்கிறார். இதையும் சட்டை மாற்றித் தீர்த்தார்களா?

#12 பழுப்பேடு

இந்தத் தடவை நீங்கள் பிடித்தது சரியான நுனி. என் கட்சியில் பலவீனமான இடமே இதுதான். உடம்பைப் பார்த்துக்கொள்ள அவரவர் வீட்டுக்குள் ஓர் ஒழுங்கு இருந்தது. ஊரின் மலத்தை என்ன செய்வது என்பதில்தான் தோற்றார்கள்.

ஆனால் கண்டும் காணாமல் இருந்து தோற்கவில்லை. திட்டுகிற ராஜா இருந்தார், முறையிடுகிற சாமியார் இருந்தார், வழக்குப் போடுகிற பக்கத்து வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். கழிவுக்குழியைக் கல் வைத்துக் கட்டினால் பக்கத்து வீட்டு எல்லையிலிருந்து இரண்டரை அடி, இல்லாவிட்டால் மூன்றரை அடி தள்ளித் தோண்ட வேண்டும் என்று லண்டனில் விதி. ஆலிஸ் வேட் என்கிற பெண்மணி தன் மாடிக் கழிவறையிலிருந்து ஒரு மரக்குழாயை ரகசியமாக மழைநீர்க் கால்வாயில் இணைத்துவிட்டார். கால்வாய் அடைத்துக்கொண்டு அக்கம்பக்கமெல்லாம் நாறியது. வழக்கு 1314இல். நாற்பது நாளுக்குள் குழாயை எடு என்று தீர்ப்பு. இதே கதை நம் தெருக்களில் நடப்பதில்லை என்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம்! 1388இல் ஆறு, குளம், சாக்கடையில் குப்பையும் குடலும் கொட்டக் கூடாது என்று நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது.

பொதுக் கழிவறையும் கட்டினார்கள். மேயராக இருந்த ரிச்சர்ட் விட்டிங்டன் விட்டுப்போன பணத்தில் 1420களில் தேம்ஸ் கரையில் எழுந்தது ஒன்று. ஆண்களுக்கு 64 இருக்கை, பெண்களுக்கு 64. ஆற்றின் ஏற்றவற்றம் வந்து அடித்துக்கொண்டு போகிற மாதிரி அமைப்பு. எங்கே போகும் என்று கேட்காதீர்கள். அதே ஆற்றில் கொஞ்சம் தள்ளித்தான் தண்ணீர் மொண்டார்கள்.

வீட்டுக் குழி நிறைந்தால் அள்ளுவதற்கு ஆட்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் விடியற்காலை ஐந்துக்குள் அள்ளி முடித்து ஊருக்கு வெளியே வண்டியிலோ படகிலோ கொண்டுபோக வேண்டும். வயலுக்கு உரமாக விலை போகும். சாதாரணக் கூலியாளைவிடக் கூலி அதிகம். 1326இல் ரிச்சர்ட் என்ற தெருக் கூட்டுகிறவர் தன் வீட்டுக் கழிவறையில் உட்கார்ந்திருந்தபோது பலகை உளுத்து உடைந்து உள்ளே விழுந்து மூழ்கிச் செத்தார். மரண விசாரணை ஏட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

#13 வெள்ளாவி

கூலி அதிகம் என்பதையும், ராத்திரியில் மட்டும்தான் வரலாம் என்பதையும் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள் பழுப்பேடு. அள்ளுகிறவன் யார் கண்ணிலும் படக் கூடாது, அதற்குத்தானே ராத்திரி. அப்பன் செய்தான் என்பதற்காகப் பிள்ளையும் செய்தாக வேண்டும் என்று அங்கே இல்லை, அந்த வித்தியாசத்தை மறைக்க மாட்டேன். குழிக்குள் ஆள் செத்த செய்தியை மட்டும் 1326 என்று போட்டு என்னால் பழசாகப் படிக்க முடியவில்லை. போன மாதப் பேப்பரில் படித்தேன்.

#14 நெறியாளர்

இதற்குக் கீழே வந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். வெள்ளாவி சொன்னதைத் தொடர விரும்புகிறவர்கள் தனி இழை தொடங்குங்கள், நானே மேலே ஒட்டி வைக்கிறேன். இங்கே சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது நடக்காது.

#15 ஆய்வகத்து எலி

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். தண்ணீர் ஊற்றித் தள்ளுகிற கழிவறையை ஓர் ஆங்கிலேயர் 1596லேயே விளக்கிப் படம் போட்டு எழுதிவிட்டார். சர் ஜான் ஹாரிங்டன், முதலாம் எலிசபெத்தின் ஞானப்பிள்ளை. பாத் நகருக்குப் பக்கத்தில் கெல்ஸ்டனில் தன் வீட்டில் ஒன்று வைத்தார். ராணிக்கு ரிச்மண்ட் அரண்மனையில் ஒன்று. மேலே தண்ணீர்த் தொட்டி, கீழே பாத்திரம், அடியில் திறந்து மூடும் அடைப்பு. தண்ணீர் நிறைய இருந்தால் அடிக்கடி திறந்துவிடு, தட்டுப்பாடென்றால் ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும், இருபது பேர் போனாலும் சரி என்கிறார். இருபது பேருக்கு ஒரு தடவை!

ஏன் பரவவில்லை? வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் யாருக்கு இருந்தது? தள்ளிவிட்டால் போய்ச்சேரச் சாக்கடை எங்கே இருந்தது? கீழே இருந்து ஏறுகிற நாற்றத்தைத் தடுக்கவும் வழியில்லை. கொஞ்சம் தண்ணீரை எப்போதும் தேக்கி வைக்கிற வளைகுழாய்க்கு அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை வாங்கியது 1775இல். உங்கள் வீட்டுப் பீங்கானுக்கு அடியில் இன்றைக்கும் அந்த வளைவுதான் உட்கார்ந்திருக்கிறது. ஹாரிங்டனுக்குக் கிடைத்தது கேலி மட்டும்.

#16 முட்டுச்சந்து

கடைசி அஸ்திரம். சாமுவேல் பீப்ஸ், கடற்படை அலுவலகத்தில் பெரிய உத்தியோகம், நாட்குறிப்பு எழுதியவர். 1660 அக்டோபர் 20: நிலவறைக்குள் இறங்கினால் காலடியில் மலக்குவியல். பக்கத்து வீட்டுக் குழி நிரம்பி இவர் வீட்டுக்குள் வந்துவிட்டது. 1665 செப்டம்பரில் தங்கப்போன வீட்டில் பானை வைக்க மறந்துவிட்டார்கள், ராத்திரி இரண்டு தடவை கணப்படுப்பிலேயே போனேன் என்று எழுதுகிறார். அதே வருசம் பிப்ரவரியில் மனைவி வெந்நீர்க் குளியல் வீட்டுக்குப் போய்வந்து, இனிமேல் சுத்தமாக இருக்கப்போகிறேன் என்கிறாள். எத்தனை நாளைக்கு என்று எனக்குத் தெரியாதா என்று இவர் நக்கல். 1669 ஜனவரியில் தலையிலும் உடம்பிலும் இருபது பேன். படித்த, பணக்கார, லண்டன் மனுசன் சார்!

#17 பழுப்பேடு

பேன் குறிப்பில் அடுத்த வரியையும் படியுங்கள். இத்தனை வருசத்தில் தன்மேல் இவ்வளவு பார்த்ததில்லை என்று வியந்துவிட்டு, உடனே துணியை மாற்றி, தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொள்கிறார். குளிக்க ஓடவில்லை. வெள்ளாவி சொன்ன அதே கணக்கு. குளியல் கதையிலும் மிச்சம் இருக்கிறது: சில நாள் கழித்து மனைவியின் கட்டாயத்தில் அவரும் வெந்நீரில் கழுவிக்கொள்கிறார். அதற்கு முன்னால், குளித்துவிட்டு வந்த மனைவி தனிப்படுக்கைக்குப் போய்விட, இவர் இரவெல்லாம் குளிரில் கிடந்திருக்கிறார்.

நிலவறை விசயத்தில் உங்கள் பக்கம் ஜெயம், கொடுத்துவிட்டேன்.

#18 வெள்ளாவி

பீப்ஸ் காலத்திலேயே லினனுக்குப் போட்டி வந்துவிட்டது, நம் பக்கத்திலிருந்துதான். சோழமண்டலக் கரையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றிய பருத்தித் துணி. விலை மலிவு, துவைக்க லேசு, சாயம் போகாது. அங்கத்திய நெசவாளிகள் கொதித்துப்போய் 1700இலும் 1721இலும் தடைச்சட்டம் வாங்கினார்கள். சவுக்காரத்துக்கு 1712இல் போட்ட வரியை 1853இல்தான் எடுத்தார்கள். அழுக்கன், அழுக்கன் என்று ஏழையைத் திட்டிக்கொண்டே சவுக்காரத்துக்கு நூற்று நாற்பது வருசம் வரி!

#19 கடலூர்க்காரன்

எல்லாருக்கும் நன்றி. குழுவில் கல்யாணப் பதிவேடு, ஜெர்மன் பழமொழி இரண்டை மட்டும் பணிவாகப் போட்டேன். அரை மணி நேரம் மௌனம். அப்புறம் மாமா, "ராணிக்குப் பல் கருப்பாமே, அது?" என்றார்.

#20 பழுப்பேடு

அது நிஜம், மாமாவிடம் தாராளமாகச் சொல்லுங்கள். 1598இல் பால் ஹென்ட்ஸ்னர் என்ற ஜெர்மானியர் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். காரணத்தையும் அவரே ஊகிக்கிறார்: ஆங்கிலேயர்கள் சர்க்கரையை அதிகம் தின்கிறார்கள். பல் துடைக்கிற லினன் துணியெல்லாம் எலிசபெத்துக்குப் புத்தாண்டுப் பரிசாகவே வந்துகொண்டிருந்தது. துடைத்தார், சர்க்கரையையும் விடவில்லை.

#21 வட்டுக்கோட்டையான்

தாமதமாக ஒன்று. சனிக்கிழமை போர்ட்ஸ்மவுத் போயிருந்தேன், இந்த இழை மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஹென்றியின் போர்க்கப்பல் மேரி ரோஸ் 1545இல் மூழ்கி, 1982இல் வெளியே எடுத்தார்கள். சேற்றுக்குள் கிடந்ததால் மாலுமிகளின் சாமான் அப்படியே இருக்கிறது. நாவிதரின் சவரக் கத்திகள், காதுக்குறும்பி எடுக்கிற சின்னக் கரண்டி. சீப்பு மட்டும் எண்பதுக்கு மேல் கிடைத்திருக்கிறது. சில பற்களுக்கு நடுவில் பேன்கூட அகப்பட்டதாம்.

கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். உள்ளங்கை அளவு மரம், இரண்டு பக்கமும் பல். ஒரு பக்கம் அகலம், சிக்கெடுக்க. மறுபக்கம் நெருக்கமோ நெருக்கம், மயிர் நுழையத்தான் இடம். நடுவில் விரல் வைத்துப் பிடிக்க ஒரு பட்டை. கூட வந்த அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "பேன் சீப்புத்தானே" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டா.